ஒரு லோரிக் குலைக்கு இரண்டு தடவை பணம்: லாம்டாவில் எங்கே தவறுகிறேன்?

பெர்ஜுந்தை_ரேம்ப்:

வணக்கம். என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, வீட்டில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு ஏற்றி அனுப்பும் ரேம்ப் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். நாளைக்கு 70, 80 வண்டி வரும். குலையோடு எடைமேடையில் ஏறும், கொட்டிவிட்டுக் காலியாக மறுபடி ஏறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. அதை அன்றைய விலையால் பெருக்கித் தோட்டக்காரர் கணக்கில் வரவு வைப்போம். சனிக்கிழமை பணம் கொடுப்போம்.

முன்பு எல்லாம் காகிதச் சீட்டு. போன வருடம் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டு நானே ஓர் ஏற்பாடு செய்தேன். எடைமேடைக் கணினியில் ஒரு சின்ன பைத்தான் நிரல் இருக்கிறது. காலி எடை பதிந்ததும் அது அமேசான் மேகத்தின் (கிளவுட்) வாசலான ஏபிஐ கேட்வேக்கு விவரத்தை ஒரு ஜேசன் செய்தியாக அனுப்பும். பின்னால் ஒரே ஒரு லாம்டா ஃபங்ஷன் (கூப்பிட்டால் மட்டும் அந்த மேகத்தில் ஓடும் நிரல்), சிங்கப்பூர் ரீஜனில், அதாவது அங்கே இருக்கும் கணினி மையத்தில். சீட்டுக்கு ஒரு யூயூஐடி (தானாக உண்டாகும் தனி எண்) போட்டு டைனமோடிபி தரவுத்தளத்தில் எழுதுவது, தோட்டக்காரரின் நிலுவையில் தொகையைக் கூட்டுவது, பிடிஎஃப் ரசீது செய்வது, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தின் ஏபிஐயைக் கூப்பிட்டு அவர் கைப்பேசிக்கு எடையும் தொகையும் அனுப்புவது என எல்லாமே அதற்குள்தான். மெமரி 128 எம்பி. டைம்அவுட், அதாவது ஓட விடும் உச்ச நேரம், முதலில் இருந்த 3 விநாடி போதவில்லை, 60 ஆக்கினேன். பதில் வராவிட்டால் கணினி நிரல் 2 விநாடி காத்திருந்து மறுபடி அனுப்பும், மொத்தம் மூன்று தடவை.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் வந்ததும் ஆரம்பித்தது. போன திங்கள் காலை, நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பாட்டி ஆப்பீசுக்கு வந்தார். கையில் நாங்கள் கொடுத்த அதே உறை. மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, நான் போட்டது ஒரு லோரி. ரெண்டு லோரிக்குக் காசு குடுத்திருக்கீங்க, எண்ணிப் பாருங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். 1,240 கிலோ, டன்னுக்கு 830 வெள்ளி, 1,029 வெள்ளி 20 காசு. அதே எடை, அதே வண்டி எண், இரண்டு சீட்டு. இரண்டுக்கும் நடுவில் 31 விநாடி. அவர் கைப்பேசியிலும் இரண்டு குறுஞ்செய்தி.

அன்றைக்கு இரவு உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கைத் துழாவினேன். இப்படி 23 இரட்டைச் சீட்டு. எல்லோரும் அந்தப் பாட்டியைப் போல எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைவிடக் கவலை, எடை போட்டும் பதிவாகாத சீட்டு இரண்டு கிடைத்தது. கூடுதலாகப் போனால் தவுக்கே பணம், அவர் பொறுத்துக்கொள்வார். குறைந்தால் அது வெயிலில் குலை வெட்டினவரின் கூலி.

லாம்டா ஏன் ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிறது? எங்கே நிறுத்துவது?

ரவாங்_வாசி:

நண்பரே, 128 எம்பியில் பிடிஎஃப் செய்தால் மெதுவாகத்தான் இருக்கும். மெமரியை 1 ஜிபிக்கு ஏற்றுங்கள், டைம்அவுட்டைக் கூட்டுங்கள். லாம்டாவுக்கு 15 நிமிடம் வரை கொடுக்கலாம். மலேசிய ரீஜன் 2024 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள், அதற்கு மாறினால் இன்னும் வேகம். உண்மையைச் சொன்னால், நாளைக்கு 80 சீட்டுக்கு லாம்டாவே தேவையில்லை. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்துப் போடுங்கள், தலைவலி போகும்.

தோட்டத்து_அக்கா:

தம்பி, அந்தப் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன், ஆறு வருடமாக லாம்டாவோடுதான் பிழைப்பு. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 31 விநாடி. ஏபிஐ கேட்வே வழக்கமாக 29 விநாடி வரைதான் காத்திருக்கும். அதோடு உங்கள் நிரல் காத்திருக்கும் 2 விநாடியைக் கூட்டிப் பாருங்கள்.

நடந்தது இதுதான். லாம்டா முதல் விநாடியிலேயே சீட்டை எழுதி, பணத்தையும் கூட்டிவிட்டது. அப்புறம் குறுஞ்செய்தி நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்து நின்றது. 29 விநாடி ஆனதும் கேட்வே பொறுமை இழந்து, 504 (நேரம் முடிந்தது) என்று எடைமேடைக் கணினிக்குச் சொல்லிவிட்டது. ஆனால் கேட்வே கைவிட்டதால் லாம்டா நின்றுவிடாது. நீங்கள் 60 விநாடி கொடுத்திருக்கிறீர்கள், அது பாட்டுக்கு ஓடி வேலையை முடித்தது. கணினிக்கு அது தெரியாது. தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பியது. வந்ததைப் புதுச் சீட்டு என்று நினைத்து லாம்டா புது யூயூஐடி போட்டது. இரண்டு பக்கமும் தனக்குச் சொன்னதைத்தான் செய்தன. இருவருக்கும் பொதுவாக ஓர் எண் இல்லாததுதான் குறை.

அதனால்தான் ரவாங் நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். மெமரியை ஏற்றுவது நல்லது. லாம்டாவில் மெமரிக்கு ஏற்ற அளவுதான் சிபியு கிடைக்கும், 1,769 எம்பிக்குத்தான் ஒரு முழு சிபியு, 128 எம்பியில் பிடிஎஃப் செய்வது பாவம். 512 வையுங்கள். மாதம் 10 லட்சம் அழைப்பும் 4 லட்சம் ஜிபி-விநாடியும் (மெமரியை ஓடிய நேரத்தால் பெருக்கியது) இலவசம், நாளைக்கு 80 சீட்டுக்குக் கட்டணத்தில் ஒரு வித்தியாசமும் வராது. ஆனால் வேகம் கூடினால் இந்தத் தவறு குறையும், போகாது. சொந்த சர்வரிலும் மழை பெய்து பதில் மட்டும் தொலைந்தால் இதே இரட்டைச் சீட்டுதான் வரும். டைம்அவுட்டைக் கூட்டச் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். கேட்வே விட்டுப்போன பிறகும் ஓடும் ஃபங்ஷன்தான் உங்களுக்கு இந்தச் சேதத்தைச் செய்தது. 60-ஐ 20-க்குக் கீழே இறக்குங்கள்.

இனி வழி. சீட்டு எண் எடைமேடையில் பிறக்க வேண்டும், மேகத்தில் இல்லை. காலி எடை பதிந்த அந்த நொடியில் கணினி ஓர் எண் போட்டு, முதலில் தன் வட்டில் எழுதிக்கொள்ளட்டும். எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். எழுதிய பிறகு அனுப்பட்டும். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி அனுப்பட்டும், மூன்று தடவையோடு விட்டுவிடாமல் பதில் வரும்வரை, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே. உங்கள் காணாமல்போன இரண்டு சீட்டும் இதோடு சரியாகிவிடும்.

லாம்டா பக்கத்தில் சீட்டை எழுதுவதும் நிலுவையைக் கூட்டுவதும் இரண்டு தனி வேலையாக இருக்கக்கூடாது. நடுவில் ஃபங்ஷன் செத்தால் சீட்டு இருக்கும், பணம் இருக்காது. டைனமோடிபியில் டிரான்ஸாக்ட் ரைட் ஐட்டம்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் சீட்டை எழுதுங்கள், நிலுவையையும் கூட்டுங்கள். சீட்டுக்கு மட்டும் அட்ரிபியூட் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (முன்பே இல்லாவிட்டால் மட்டும் எழுது) என்ற நிபந்தனை போடுங்கள். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் முழுப் பரிவர்த்தனையும் நடக்காது, பணமும் கூடாது. அப்போது கணினிக்குப் பிழை என்று பதில் அனுப்பாதீர்கள், அது விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். முதல் தடவை என்ன பதில் கொடுத்திருப்பீர்களோ அதே பதிலை 200 (சரி) என்று கொடுங்கள். அதே எண்ணில் வேறு எடை வந்தால் மட்டும் நிறுத்தி, உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். அது மறுபடி அனுப்பியது இல்லை, வேறு ஏதோ தவறு.

பிடிஎஃப், குறுஞ்செய்தி இரண்டையும் இந்த ஃபங்ஷனிலிருந்து கழற்றிவிடுங்கள். பணம் பதிவாவதற்கும் வேறொரு நிறுவனத்தின் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? சீட்டு அட்டவணையில் டைனமோடிபி ஸ்ட்ரீமை (மாற்றங்களைத் தானாகத் தெரிவிக்கும் வசதி) இயக்கினால், புதுச் சீட்டு எழுதப்பட்டதும் அது, செய்திகள் காத்திருக்கும் ஒரு எஸ்கியூஎஸ் வரிசைக்குப் போகும்படி செய்யலாம். லாம்டாவே கையோடு வரிசைக்கு அனுப்பினால் எழுதியதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் விழுந்துபோக ஓர் இடம் இருக்கிறது, ஸ்ட்ரீமில் அந்த இடைவெளி இல்லை. வரிசையிலிருந்து எடுத்து இரண்டாவது ஃபங்ஷன் குறுஞ்செய்தி அனுப்பட்டும். வரிசையின் விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது எடுத்த செய்தி மறுபடி தலைகாட்டாமல் மறைந்திருக்கும் நேரம், 30 விநாடி என்று இருக்கும், அதை அப்படியே விடாதீர்கள். ஃபங்ஷனின் டைம்அவுட்டுக்கு ஆறு மடங்கு வையுங்கள். ஐந்து தடவை தோற்ற செய்தி போய் விழ ஒரு டிஎல்கியூ வரிசை வையுங்கள், அதில் 14 நாள் தங்கும்படி. சாதா வரிசையில் செய்தியின் வயது முதலில் நுழைந்த நேரத்திலிருந்தே எண்ணப்படும். வழக்கமான 4 நாளில் விட்டால் நீங்கள் பார்ப்பதற்குள் அழிந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி இரண்டு தடவை போகும். சாதா எஸ்கியூஎஸ் ஒரு தடவையாவது தருவேன் என்றுதான் உறுதி சொல்கிறது, ஒரே தடவை என்று இல்லை. செய்தியில் சீட்டு எண்ணைப் போட்டுவிடுங்கள், படிப்பவர் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வார். இரண்டு செய்தி பரவாயில்லை. இரண்டு வரவு கூடவே கூடாது.

பழைய_கிராணி:

நான் கணினி ஆள் இல்லை. மகள் படித்துக் காட்டினாள். அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பால்மரத் தோட்டத்தில் 31 வருடம் கிராணி (கணக்கர்) வேலை பார்த்தேன். பால் ஸ்டோரில் வாளி வாளியாக எடை போட்டு, பாலின் ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதுவோம். சீட்டில் இரண்டு எண் இருக்கும். ஒன்று புத்தக எண், இன்னொன்று சீட்டு எண். புத்தகம் முடிந்தாலும், நனைந்து கெட்டாலும், அடுத்த புத்தகத்துக்கு அடுத்த எண். சீட்டு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆனாலும் எந்தச் சீட்டும் இன்னொன்றோடு மோதாது. தம்பி, உங்கள் கணினி கெட்டு, புதிதாக வாங்கி வைத்தால் எண் ஒன்றிலிருந்து தொடங்கிவிடாதா? அதற்குத்தான் சொல்கிறேன்.

மழை நாளில் ஒரு பால்வெட்டு அம்மா சீட்டை நனைத்துவிட்டார். மடியில் வைத்திருந்தார், பிரித்தால் கையோடு பிய்கிறது. புதுச் சீட்டு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், ஆனால் புது எண்ணில் இல்லை. அடிக்கட்டையை (புத்தகத்திலேயே தங்கும் சீட்டின் பாதி) பார்த்து அதே எண்ணைப் போட்டு, மேலே 'நகல்' என்று எழுதினேன். நகல் பத்து எழுதலாம், எண் ஒன்றுதான். எழுதினது தவறு என்றால் ரப்பர் வைத்து அழிக்க விடமாட்டோம். குறுக்கே கோடு போட்டு, புதுச் சீட்டில் இன்ன எண்ணுக்குப் பதில் என்று எழுதுவோம்.

சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டும் முன் அடிக்கட்டையை எண்ணி, தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) கையில் இருக்கும் ஆள் கணக்கோடு வைத்துப் பார்ப்போம். ஒன்று குறைந்தால் அன்றைக்கே தேடுவோம். மறுநாள் பெரட்டில் (காலையில் ஆள் எடுக்கும் இடத்தில்) போய்க் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பெர்ஜுந்தை_ரேம்ப்:

ஐயா, புத்தக எண் யோசனை என்னைக் காப்பாற்றியது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கணினியின் வட்டு ஒருமுறை போனது, அப்போது நீங்கள் சொன்ன மாதிரிதான் நடந்திருக்கும். இப்போது எண் இப்படி வருகிறது: எடைமேடை, புத்தகம், சீட்டு. நிரலை எப்போது புதிதாக நிறுவினாலும் புத்தக எண்ணைக் கையால் ஒன்று கூட்டாமல் அது தொடங்காது.

அக்கா, நீங்கள் சொன்னபடி பரிவர்த்தனை எழுதினேன், வரிசையும் போட்டேன். ஐந்து நாளாக இரட்டைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் நேற்று ஐயா சொன்னபடி மாலையில் அடிக்கட்டை எண்ணினேன். கணினியில் 77, மேகத்தில் 76. கணினி அந்தச் சீட்டுக்கும் 200 வந்தது என்று சொல்கிறது. மதியம் மழையில் ஒரு மணி நேரம் இணையம் இல்லை, வந்ததும் தேங்கியிருந்த 14 சீட்டும் ஒரே நேரத்தில் போயின. அதில் ஒருவருக்கு மட்டும் இரண்டு லோரி. டிரான்சாக்ஷன் கான்சல்ட் (பரிவர்த்தனை ரத்து) என்று பிழை வந்தால் ஏற்கெனவே பதிந்தது என்று எடுத்துக்கொண்டு 200 கொடுக்கிறேன். அதில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு. மாதம் 1-ஆம் தேதி காலை 7:15-க்கு எடை போட்டது போன மாதக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, 8 மணிக்கு மேல் போட்டது சரியாக இருக்கிறது. அப்புறம், இதுவரை நிரலை அமேசானின் இணையப் பக்கமான கன்சோலிலேயே திறந்து திருத்திச் சேமித்துவந்தேன். எடைமேடை ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்வது பயமாக இருக்கிறது. பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

பழைய_கிராணி:

காலை எட்டு மணிக்கு முன்பு என்றதும் எனக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும், தீபகற்பத்தில் கடிகாரத்தை 12 மணி என்று திருப்பி வைத்தார்கள். மறுநாளிலிருந்து பெரட்டு நேரத்துக்கு இருட்டு அரை மணி கூடுதல். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பழைய நேரமா புது நேரமா என்று ஒரு வாரம் குழப்பம். உங்கள் மிஷின் எந்த ஊர்க் கடிகாரம் பார்க்கிறது என்று கேளுங்கள்.

தோட்டத்து_அக்கா:

ஐயா சொன்னதுதான் காரணம். லாம்டா பார்ப்பது யூடிசி என்ற உலகப் பொது நேரம், நமக்கு அதைவிட 8 மணி நேரம் முன்னே. உங்கள் ஊரில் 1-ஆம் தேதி காலை 7:15 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 11:15, இன்னும் போன மாதம்தான். நேரத்தை யூடிசியிலேயே சேமியுங்கள், மாதத்தைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது எட்டைக் கையால் கூட்டாதீர்கள். பைத்தானின் நேர மண்டலத் தொகுப்பான ஜோன்இன்ஃபோவில் ஆசியா/கோலாலம்பூர் என்று கொடுங்கள், ஐயா சொன்ன 1982 மாற்றம்கூட அதற்குத் தெரியும். ஜோன்இன்ஃபோ பைத்தான் 3.9-இலிருந்துதான் வருகிறது. நீங்கள் 3.8-இல் இருந்தால், லாம்டாவில் அதற்கு 2024 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்தது, இதோடு சேர்த்து மாறிவிடுங்கள். மாத முடிவு வேலையை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஈவென்ட்பிரிட்ஜ் விதியில் வைத்திருந்தால் அதன் கிரானும் (நேர அட்டவணையும்) யூடிசிதான். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் நேர மண்டலத்தைத் தனியாகக் கொடுக்கலாம்.

தொலைந்த சீட்டுக்கு நானும் பொறுப்பு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பரிவர்த்தனை பல காரணத்தால் ரத்தாகும். கண்டிஷனல் செக் ஃபெய்ல்ட் என்று வந்தால்தான் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். டிரான்சாக்ஷன் கான்ஃப்ளிக்ட் என்றால், அதே நிலுவை வரியை இன்னொரு பரிவர்த்தனை பிடித்திருக்கிறது, நீ மறுபடி வா என்று பொருள். இரண்டு லோரிக்காரரின் இரண்டு சீட்டும் ஒரே நொடியில் ஒரே நிலுவையைத் தொட்டன, ஒன்று தோற்றது, தோற்றதுக்கும் 200 கொடுத்தீர்கள். பிழையோடு வரும் ரத்துக் காரணங்களின் பட்டியலைப் படித்து, சீட்டின் இடத்தில் கண்டிஷனல் செக் இருந்தால் மட்டும் 200. மற்ற எதுவானாலும் 503 (இப்போது முடியாது) கொடுங்கள், கணினி மறுபடி அனுப்பட்டும். எண் ஒன்றாக இருப்பதால் எத்தனை தடவை அனுப்பினாலும் பயமில்லை. தேங்கியதை அனுப்பும்போது ஒவ்வொன்றாக, வரிசையாக அனுப்பினால் இந்த மோதலே வராது.

கன்சோலில் திருத்துவதை இன்றோடு விடுங்கள். நிரல் கிட்டில் (பழைய வடிவங்களையும் காத்துவைக்கும் கருவி) இருக்கட்டும், சாம் என்ற அமேசான் கருவியை வைத்து மேகத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வெர்ஷன் வெளியிட்டு, 'லைவ்' என்று ஒரு ஏலியஸ் (ஒரு வெர்ஷனைச் சுட்டும் மாற்றுப் பெயர்) வைத்து, கேட்வே அந்த ஏலியஸை மட்டும் கூப்பிடும்படி செய்யுங்கள். புதியது சரியில்லை என்றால் ஏலியஸைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பினால் போதும், நிரலைத் தேடி ஓட வேண்டாம். பெரிய இடங்களில் முதல் 5 நிமிடம் 10 சதவீத அழைப்பை மட்டும் புதிய வெர்ஷனுக்கு விட்டுப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது சரிப்படாது. அந்த 5 நிமிடத்தில் உங்கள் மேடையில் ஒரு வண்டி ஏறினாலே பெரிது, ஒன்றும் தெரியாமலேயே முழுக்க மாறிவிடும். அதற்குப் பதில் சோதனைக்கென்று ஒரு தோட்டக்காரர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் வண்டிக்கு முன், அந்தக் கணக்குக்கு ஒரு சீட்டு அனுப்புங்கள், அதே சீட்டை மறுபடி அனுப்புங்கள், நிலுவை ஒரு தடவைதான் கூடியதா என்று பாருங்கள். அப்புறம் ஏலியஸைத் திருப்புங்கள். சனிக்கிழமை மட்டும் கை வைக்காதீர்கள், பணம் கொடுக்கும் நாள்.

கண்காணிப்புக்கு டிஎல்கியூவில் ஒரு செய்தி விழுந்தாலே உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி அலாரம் வையுங்கள். பிழைக்கு மட்டும் அலாரம் வைத்தால் போதாது. இணையம் போய் ஒன்றுமே வராத நாளில் பிழையும் இருக்காது, எல்லாம் பச்சையாகத் தெரியும். அதைப் பிடிப்பது ஐயா சொன்ன அடிக்கட்டைதான். அதைக் கையால் எண்ணாமல், மாலை 6:30-க்கு எடைமேடைக் கணினி அன்றைய சீட்டு எண்ணிக்கையையும் மொத்த எடையையும் அனுப்பட்டும், லாம்டா தன்னிடம் இருப்பதோடு ஒப்பிட்டு வித்தியாசம் இருந்தால் சொல்லட்டும். அந்தத் தகவலே வராவிட்டாலும் சொல்லட்டும். லாகில் (நிரல் எழுதிவைக்கும் குறிப்பில்) ஒவ்வொரு வரியிலும் சீட்டு எண்ணைப் போடுங்கள். அதைச் சேமித்து வைக்கும் கிளவுட்வாட்ச் லாக் எதையும் தானாக அழிக்காது, 90 நாள் என்று வைத்துவிடுங்கள்.

மலேசிய ரீஜனுக்கு இப்போது மாற வேண்டாம். கணக்கு ஒரு மாதம் சுத்தமாக ஓடட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

ரவாங்_வாசி:

அக்கா, கேட்வே விட்டுப்போன பிறகும் லாம்டா ஓடும் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். எங்கள் கடையின் ஆர்டர் பக்கத்திலும் இதே அமைப்புதான். இன்று இரவே பார்க்கிறேன்.

பெர்ஜுந்தை_ரேம்ப்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ரத்துக் காரணத்தைப் படிக்க வைத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும் முன் தவுக்கேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தேன். எங்கள் பிக்கப்பை மேடையில் ஏற்றி, எடை பதிந்து, அனுப்பும்போதே கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். திரையில் "காத்திருக்கிறது" என்று மஞ்சளில் நின்றது. சொருகினேன், பச்சை ஆனது. மறுபடி பிடுங்கினேன், இந்தத் தடவை பதில் திரும்பி வரும் நேரம் பார்த்து. மூன்றாவது தடவை கணினியையே அணைத்துத் திறந்தேன். ஒவ்வொரு எடைக்கும் ஒரு சீட்டு, ஒரு வரவு. தவுக்கே ஒன்றும் பேசவில்லை, போய் எல்லோருக்கும் தே தாரிக் சொல்லிவிட்டு வந்தார்.

போன வாரம் புதன் மாலை பெரிய மழை. ஒன்றரை மணி நேரம் இணையம் இல்லை, 19 சீட்டு தேங்கியது. வந்ததும் ஒவ்வொன்றாகப் போயின. 6:30 ஒப்பீட்டில் இரண்டு பக்கமும் 74, எடையும் கிலோ பிசகாமல் சரி.

பழைய 23 இரட்டைச் சீட்டையும் அழிக்கவில்லை. ஐயா சொன்ன மாதிரி ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பதிவு போட்டு, இன்ன எண்ணுக்குப் பதில் என்று எழுதிவிட்டேன். தவுக்கே அந்தப் பணத்தை யாரிடமும் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதிவாகாத இரண்டு சீட்டுக்கு உரிய பணத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர் தாமானில் (புதுக் குடியிருப்பில்) இருக்கிறார், இன்னொருவர் இன்னும் பழைய லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்). லயத்துக்காரருக்கு அப்படி ஒரு லோரி போட்டதே நினைவில்லை. வண்டி எண்ணையும் தேதியையும் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

டிஎல்கியூவில் இப்போது மூன்று செய்தி இருக்கிறது. மூன்றும் ஒரே தோட்டக்காரருடையது, அவருடைய கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. நாளைக் காலை குலை கொண்டுவருவார், கேட்டுத் திருத்திவிட்டு மூன்றையும் வரிசைக்குத் திருப்பி அனுப்புகிறேன்.